ஹெட் ஸ்டட் இறுக்குதல்: பிஎம்சி ஏ-சீரிஸ் என்ஜினில் டார்க் ரெஞ்ச் வேலை, படிப்படியாக

என்ஜின் பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டை ஏற்றி, நட்டுகளைப் போட்டு, முறுக்கை (டார்க்கை) அளக்கும் டார்க் ரெஞ்ச் "டிக்" என்றதும் வேலை முடிந்ததாகத்தான் தோன்றும். அந்தச் சத்தம் சொல்வது ஒன்றே ஒன்று: நட்டு திரும்புவதற்குக் காட்டிய எதிர்ப்பு, ரெஞ்சில் வைத்த எண்ணைத் தொட்டுவிட்டது. ஹெட்டையும், நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் பிளாக்கோடு அமுக்கிப் பிடிப்பது, இரு முனையிலும் மரை உள்ள தண்டான ஸ்டட்டின் இழுவிசை. ரெஞ்ச் அதை நேராக அளப்பதில்லை. கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிமுகம் வாஷரில் உரசுவதிலேயே போகிறது; மரையின் உரசலில் 40 விழுக்காடு போகிறது; மிஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. உரசல் கொஞ்சம் மாறினாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு தாறுமாறாக மாறிவிடும். 60, 70 வருடத் துரு ஏறிய என்ஜினில் இதுதான் முழுப் பிரச்சினையும். அதனால் இந்த வேலையில் நேரத்தில் பெரும்பகுதி ரெஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே செலவாக வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மாரிஸ் மைனர் காரில் வந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஏ-சீரிஸ், 948 மற்றும் 1098 சிசி. ஹெட்டைப் பிடிப்பவை 9 ஸ்டட்கள்: 5 குட்டை, 4 நீளம். நீளமான நான்கும், வால்வுகளை அமுக்கும் ராக்கர்களின் தாங்கிகள் வழியாக மேலே வருபவை. ஸ்டட்டின் விட்டம் 3/8 அங்குலம்; பிளாக்கில் இறங்கும் முனை பெருமரை, நட்டு ஏறும் முனை அங்குலத்துக்கு 24 சுற்றுள்ள நுண்மரை. நட்டுக்கு 9/16 அங்குல சாக்கெட். டார்க் 40 பவுண்ட்-அடி, அதாவது 5.5 கிலோகிராம்-மீட்டர், அல்லது 54 நியூட்டன்-மீட்டர். வேறு என்ஜினாக இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

முதலில் அந்த 54-க்கு என்ன பொருள் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. டார்க்கை, ஸ்டட்டின் விட்டத்தையும் உரசலைப் பொறுத்து மாறும் நட்டுக் கெழுவையும் (K) பெருக்கிய எண்ணால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். உலர்ந்த மரைக்கு அந்தக் கெழு சுமார் 0.2. அப்படியானால் இழுவிசை ஏறக்குறைய 28 கிலோநியூட்டன். ஒரு துளி என்ஜின் ஆயில் விட்டால் கெழு 0.17 வாக்கில் இறங்கும். இழுவிசை 33 ஆகும். மாலிப்டினம் பேஸ்ட் பூசினால் கெழு 0.12 வரை விழும். அதே 54-க்கு 47 கிலோநியூட்டன். இந்த நுண்மரையின் இழுவைப் பரப்பு 56.6 சதுர மில்லிமீட்டர்தான். 47 கிலோநியூட்டன் என்றால் 830 மெகாபாஸ்கலுக்கு மேல். கிரேடு 5 தரத்துக்கு ஒப்பான ஸ்டட் 630 பக்கத்திலேயே இளகி நீண்டுவிடும். ரெஞ்ச் சரி, எண் சரி, பிடித்த கையும் சரி. பூசிய பேஸ்ட் ஸ்டட்டைக் கெடுத்துவிட்டது. கெழுக்கள் தோராயமானவை, ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் ஏமாற்றாது. கையேடு ஆயில் போடச் சொன்னால் ஆயில், உலர்வாக என்றால் உலர்வு. ஒன்றும் சொல்லாத கையேட்டுக்குச் சுத்தமான மரையில் ஒரு துளி என்ஜின் ஆயில், நட்டின் அடிமுகத்திலும் ஒரு தொடுகை. புது ஸ்டட்டோடு பேஸ்ட் வந்திருந்தால், அந்த ஸ்டட்டுக்கு அதைத் தயாரித்தவர் கொடுத்த டார்க் எண்ணையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பேஸ்ட் ஒரு இடத்திலிருந்தும் எண் இன்னொரு இடத்திலிருந்தும் வந்தால் ஸ்டட் தாங்காது.

ரெஞ்ச்

54 நியூட்டன்-மீட்டருக்கு 20 முதல் 100 வரை அளக்கும் ரெஞ்ச் பொருத்தம். கிளிக் வகை ரெஞ்சுகளின் துல்லியம், பொதுவாக ±4 விழுக்காடு, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேதான் செல்லும். 40 முதல் 200 வரையுள்ள பெரிய ரெஞ்சால் கடைசி எண்ணை எட்டலாம், ஆனால் ஆரம்பப் படிகளான 20, 35 அதில் கிடையாது. அந்தப் படிகளைத் தவிர்த்துவிட்டு நேரே போனால் கேஸ்கெட் ஒரு பக்கமாக அமுங்கும்.

முள் காட்டும் பழைய பீம் வகை ரெஞ்சைக் குறைவாக மதிக்க வேண்டாம். அதில் வளைவது ஒரு எஃகுத் தண்டுதான். கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. முள் ஓய்வில் பூச்சியத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு அதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு: ஸ்டட் இளக ஆரம்பித்தால் முள் ஏறாமல் நிற்பது கண்ணுக்குத் தெரியும். கிளிக் ரெஞ்சில் அது தெரியாது. சத்தம் வரும் என்று இழுத்துக்கொண்டே இருப்போம். பீம் ரெஞ்சின் கைப்பிடி ஒரு ஆணியில் ஆடும்படி அமைந்திருந்தால், இழுக்கும்போது அது இரு பக்கமும் தண்டைத் தொடாமல் மிதக்க வேண்டும். முள்ளை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும்.

கிளிக் ரெஞ்சைச் சோதிக்க ஒரு வாளியும் தண்ணீரும் போதும். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கவ்வி, ரெஞ்சைக் கிடைமட்டமாக நிறுத்தி, 54-ல் வைத்து, கைப்பிடியின் நடுக் குறியில் வாளியைத் தொங்கவிட்டு, கிளிக் வரும் வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு வாளியை எடை போட வேண்டும். உதாரணமாக, சதுர முனையிலிருந்து கைப்பிடி நடு வரை 0.42 மீட்டர், ரெஞ்சின் எடை 1.2 கிலோ, அதன் எடை மையம் 0.2 மீட்டரில். ரெஞ்சின் சொந்த எடையே சுமார் 2.35 நியூட்டன்-மீட்டரைக் கொடுத்துவிடுகிறது. மீதி 51.65-ஐ 9.81-ஆலும் 0.42-ஆலும் வகுத்தால் 12.5 கிலோ. வாளி 12-க்கும் 13-க்கும் நடுவே கிளிக் கொடுத்தால் ரெஞ்ச் வேலைக்கு ஆகும். எடையை மாற்றாமல் தொங்கும் இடத்தை நகர்த்திப் பார்ப்பது கிளிக் ரெஞ்சுக்குச் சரிவராது. உள்ளே இருக்கும் பொறி, கைப்பிடி நடுவில் பிடிப்பதை வைத்தே அளவிடப்பட்டிருக்கிறது. இறுக்கும்போதும் இதே காரணத்துக்காகத்தான் கை நடுவில் இருக்க வேண்டும். குழாய் மாட்டி நீட்டக் கூடாது.

சாக்கெட்டுக்கு மேலே செங்குத்தாகப் போடும் நீட்டிப்பு டார்க்கை மாற்றாது. பக்கவாட்டில் நீட்டும் காக்கைக்கால் ஸ்பேனர் மாற்றும். ரெஞ்ச் 400 மில்லிமீட்டர், காக்கைக்கால் அதே திசையில் 40 மில்லிமீட்டர் என்றால், 54 வேண்டிய இடத்தில் ரெஞ்சில் 49 வைக்க வேண்டும்: 54 × 400 ÷ 440. காக்கைக்காலை ரெஞ்சுக்குச் செங்கோணத்தில் திருப்பிப் போட்டால் திருத்தம் எதுவும் வேண்டாம். கார்புரேட்டர், ஹீட்டர் குழாய் எல்லாம் குறுக்கே நிற்கும் நட்டுக்கு இது கை கொடுக்கும்.

நட்டைக் கழற்ற டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தவே கூடாது. வேலை முடிந்ததும் கிளிக் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். அதற்கும் கீழே திருகக் கூடாது.

பழைய ஸ்டட், பழைய துளை

ஹெட்டைக் கழற்றும்போது 9 நட்டுகளையும் இறுக்கும் வரிசைக்கு நேர்மாறாக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ராக்கர் தாங்கியை மட்டும் எடுக்க வேண்டிய வேலையிலும் இதே கதைதான். நான்கு நீள ஸ்டட்கள் ஹெட்டையும் பிடித்திருப்பதால், அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கேஸ்கெட்டின் பிடிப்பும் போய்விடும். அப்படி ஒரு வேலை வந்தால் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு எல்லா ஹெட் நட்டுகளையும் சேர்த்தே தளர்த்த வேண்டும்.

பழைய கேஸ்கெட் செப்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகச் சுரண்டுவது, கம்பி பிரஷ் போடுவது, காற்றடிப்பது மூன்றும் ஆபத்து. தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, ஈரத்தோடே எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

ஸ்டட்டை வெளியே எடுக்க இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டைத் திருப்புவது பாதுகாப்பான வழி. வராவிட்டால் ஊடுருவும் ஆயில், ஒரு இரவு, கொஞ்சம் சூடு. கவ்வி எடுக்கும் கருவி மரையில் பல் பதித்துவிடும். அதைத் தண்டில் மட்டும், அதுவும் அந்த ஸ்டட்டை மாற்றப்போகிறோம் என்று தெரிந்தால் மட்டும். எடுத்த ஸ்டட்களைத் தட்டையான கண்ணாடியில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். நட்டை விரலால் மட்டும் மரையின் கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதியில் இறுகினால், அங்கே மரை நீண்டிருக்கிறது. இழுபட்ட ஸ்டட்டில் ஓரிடம் கழுத்துப் போல இளைத்திருக்கும். வெர்னியரில் அரை மில்லிமீட்டர் கூட வேண்டாம், பத்தில் இரண்டு குறைந்திருந்தாலே அது குப்பைக்கு. ஒரு ஸ்டட் இப்படிக் கிடைத்தால் ஒன்பதையும் மாற்றுவதுதான் அறிவு. எட்டுப் பழையது, ஒன்று புதியது என்றால் இழுவிசை ஒருபோதும் சமமாகாது.

மாற்று ஸ்டட் வாங்கும்போது மரையை அளவுகோலால் பார்த்தே ஆக வேண்டும். 3/8 அங்குலத்தில் பழைய பிரிட்டிஷ் நுண்மரையான பிஎஸ்எஃப் அங்குலத்துக்கு 20 சுற்று, இந்த ஸ்டட்டின் நுண்மரையான யுஎன்எஃப் 24. பெருமரைகளான விட்வொர்த்தும் யுஎன்சியும் இந்த அளவில் இரண்டுமே 16. ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55°, மற்றதில் 60°. விரலுக்கு ஏறும், முறுக்கும்போது தோலுரிக்கும். எம்ஜி கார்களின் எக்ஸ்பிஏஜி என்ஜின் இன்னும் குழப்பம்: மரை மெட்ரிக், நட்டின் தலை விட்வொர்த் ஸ்பேனருக்கு. ஸ்பேனரை வைத்து மரையை ஊகிக்கவே கூடாது.

இனி துளை. மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப் வேண்டாம். அது வார்ப்பிரும்பைக் கொஞ்சம் தின்றுவிடும், மரை தளர்ந்துவிடும். மரையைத் துடைக்கும் டேப் தனியாக உண்டு. இல்லாவிட்டால் பழைய ஸ்டட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் இரண்டு மூன்று பள்ளம் அரத்தால் போட்டு அதையே பயன்படுத்தலாம். பிறகு கரைப்பான், காற்று. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், துளைக்குள் இருப்பது நேரே முகத்துக்குத்தான் வரும். அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது ஸ்டட்டை இறக்கினால் அந்தத் திரவம் போக இடமில்லாமல் பிளாக்கை வெடிக்க வைக்கும். டார்க் எண் அப்போது அழகாக ஏறும், அதுதான் கொடுமை.

துளையின் வாயைப் பார்க்க வேண்டும். பல வருடம் இழுத்த மரையின் முதல் சுற்று, பிளாக்கின் முகத்தைவிட மேலே எழும்பி ஒரு வளையமாக நிற்கும். நேர்ப்பட்டையை வைத்தால் அந்த இடத்தில் ஆடும். ஏ-சீரிஸ் பிளாக்கில் இது மிகச் சாதாரணம். வாயை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சரித்துவிட்டால் சரியாகிவிடும். செய்யாமல் விட்டால் கேஸ்கெட் ஸ்டட்டைச் சுற்றி அமுங்கும், சிலிண்டரைச் சுற்றி அமுங்காது. இரண்டு சிலிண்டருக்கு நடுவே கேஸ்கெட் கருகி ஊதும் என்ஜின்களில் இந்தக் காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். டார்க்கை இன்னும் கூட்டுவது மருந்தல்ல. கூட்டினால் வளையம் இன்னும் எழும்பும். வாய் சரித்த பிறகு பிளாக், ஹெட் இரண்டின் முகத்திலும் நேர்ப்பட்டை, அதன் அடியில் நுழைத்துப் பார்க்க 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு. எங்காவது நுழைந்தால் முகத்தைச் சீவக் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

ஸ்டட்டை பிளாக்கில் இறக்குவதற்குக் கை இறுக்கமும் மேலே ஒரு சின்ன முறுக்கும் போதும். 10 நியூட்டன்-மீட்டரைத் தாண்ட வேண்டாம். அடியில் முட்டும்வரை முறுக்கினால் ஸ்டட்டின் முனை துளையின் அடியை ஆப்பு போல அழுத்தும், ஸ்டட் சாயும், ஹெட் இறங்காது. துளை தண்ணீர் அறைக்குள் திறந்திருந்தால் மரையில் சீலன்ட் வேண்டும். ஃபோர்டு ஃப்ளாட்ஹெட் வி8-ல் ஸ்டட்கள் தண்ணீர் அறைக்குள்ளேயே இறங்குகின்றன. அங்கே சீலன்ட் இல்லாமல் போட்டால் மரை வழியே தண்ணீர் ஏறி நட்டின் அடியில் கசியும். இறுகிக் காயும் வகை சீலன்ட் என்றால் அது காய்வதற்குள் ஹெட்டை ஏற்றிக் கடைசி டார்க் வரை முடித்துவிட வேண்டும்.

இறுக்குதல்

வாஷர் கடினமாக்கிய எஃகு. மெல்லிய கடை வாஷர் நட்டின் அடியில் குழியும். குழிந்த அளவு இழுவிசை போகும். ஒரு ஓரம் சரித்த வாஷராக இருந்தால் சரிந்த பக்கம் நட்டை நோக்கி. நட்டைப் போட்டதும் மேலே ஒன்று முதல் மூன்று சுற்று மரை தெரிகிறதா, அதே சமயம் கீழே நட்டு மரையின் முடிவில் தண்டை முட்டாதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். சீவப்பட்ட ஹெட்டில் நட்டு தண்டில் முட்டுவது சகஜம். கிளிக் வரும், ஹெட் தளர்வாகவே இருக்கும். இன்னொரு வாஷர் அந்தப் பிரச்சினையைத் தீர்க்கும்.

ராக்கர் தாங்கிகளை ஏற்றுவதற்கு முன் ராக்கர் சரிசெய்யும் திருகுகளை நன்றாகத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நீள ஸ்டட் நட்டுகள் வால்வு ஸ்பிரிங்கையும் சேர்த்து அமுக்கும். ராக்கரைத் தள்ளும் தண்டான புஷ்ராட் வளையவும் கூடும்.

வரிசை நடுவிலிருந்து வெளியே, சுழல் போல. நான்கு படி: 20, 35, 45, 54. ஒவ்வொரு படியிலும் ஒன்பதையும் முடித்த பிறகே அடுத்தது. 54-ல் இரண்டாவது சுற்று ஒன்று கட்டாயம், ஏனென்றால் ஓரத்து நட்டுகளை இறுக்கும்போது நடுவில் இருப்பவை தளரும். இழுப்பது மெதுவாக, நிறுத்தாமல், ஒரே வீச்சில். கிளிக் ஒரு முறை வந்ததும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இரண்டாவது கிளிக் வாங்குவது டார்க்கைக் கூட்டுவதே. நட்டு நின்ற நிலையிலிருந்து நகராமலே கிளிக் வந்தால் அந்தக் கிளிக்கை நம்பக் கூடாது. நிற்கும் நட்டை அசைக்க, ஓடும் நட்டை ஓட்டுவதைவிட அதிக முறுக்கு வேண்டும். கால் சுற்று பின்னால் எடுத்து மறுபடி ஒரே வீச்சில் வர வேண்டும்.

ரெஞ்ச் சொல்லாததைச் சொல்ல ஒரு வெள்ளைப் பெயின்ட் பேனா போதும். 20-ல் எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலும் பக்கத்தில் ஹெட்டிலோ தாங்கியிலோ ஒரே நேரில் ஒரு கோடு. 54-க்கு வந்த பிறகு எந்த நட்டு எவ்வளவு திரும்பியது என்று பார்க்கலாம். குட்டை ஸ்டட்களைக் குட்டைகளோடு, நீளமானவற்றை நீளமானவற்றோடு மட்டும் ஒப்பிட வேண்டும். நீள ஸ்டட் அதே இழுவிசைக்கு அதிகம் நீளும், அதிகம் திரும்பும். ஐந்தில் நான்கு ஏறக்குறைய ஒன்றுபோல் திரும்பி, ஒன்று மட்டும் 40° கூடுதலாகப் போயிருந்தால் அங்கே ஸ்டட் இளகுகிறது, அல்லது பிளாக்கின் மரை மேலே வருகிறது. மிகக் குறைவாகத் திரும்பியிருந்தால் மரையில் அழுக்கு, கீறிய நட்டு, அல்லது முட்டிக்கொண்ட நட்டு. எண் ஏறாமல் நட்டு மட்டும் மெத்தென்று திரும்பிக்கொண்டே போனால் உடனே நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று போனால் மரை கையோடு வரும். மரை வந்துவிட்ட துளையில் மரை இன்சர்ட் (புது மரை தரும் உள்ளுறை) போட்டுத்தான் தப்பிக்க முடியும்.

அலுமினியம், மெக்னீசியம் பிளாக்குகளில் அந்த எல்லை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வேகன் என்ஜினில் 10 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கே 23 பவுண்ட்-அடிதான், 8 மில்லிமீட்டருக்கு 18. என்ஜின் சூடாகும்போது சிலிண்டரும் ஹெட்டும் எஃகு ஸ்டட்டைவிட அதிகம் விரிந்து, இழுவிசையைத் தாமாகவே கூட்டுகின்றன. குளிர்ந்த நிலையில் கூடுதலாக இறுக்கியவருக்கு, சூட்டில் மெக்னீசியம் மரை உருவிக்கொண்டு வருவதே பலன். மெல்லிய 8 மில்லிமீட்டர் ஸ்டட் அதிகம் நீண்டு கொடுக்கும் என்பதால் ஸ்டட்கள் பதியும் அந்த மெக்னீசியம் கிரான்க்கேஸுக்கு அதுவே பாதுகாப்பு.

ஏ-சீரிஸுக்குத் திரும்பினால், ராக்கர் தாங்கிகளின் சிறு நட்டுகள் 24 பவுண்ட்-அடி, 32.5 நியூட்டன்-மீட்டர். ஹெட் நட்டுகள் முடிந்த பிறகே இவை.

மறு இறுக்கம்

ஸ்டட்டில் இரு பிடிப்புக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் நீளம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 33 கிலோநியூட்டனுக்கு அது நீள்வது 0.18 மில்லிமீட்டர். ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் அவ்வளவுதான். முதல் சூட்டில் கேஸ்கெட் 0.05 அமுங்கினாலே இழுவிசையில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும். செப்புத் தகடு கேஸ்கெட்டும் நாரால் செய்த கேஸ்கெட்டும் நிச்சயம் அமுங்கும். மறு இறுக்கம் வேண்டாம் என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருக்கும் கேஸ்கெட்டுகளை மட்டும் தொட வேண்டாம்.

என்ஜினை வேலைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, அணைத்து, ஒரு இரவு முழுக்க ஆறவிட வேண்டும். பிறகு அதே வரிசையில், ஒரு நேரத்தில் ஒரு நட்டை மட்டும், எட்டில் ஒரு சுற்று தளர்த்தி ஒரே வீச்சில் 54-க்கு. தளர்த்தாமல் மேலேயே முறுக்கினால் துரு பிடிக்காத புது நட்டும் நின்ற இடத்தில் ஒட்டிக்கொண்டு பொய்யான கிளிக்கைக் கொடுக்கும். பெயின்ட் கோடு இங்கேயும் பேசும்: நட்டு பழைய இடத்தைத் தாண்டி எவ்வளவு போனதோ அவ்வளவு கேஸ்கெட் அமுங்கியிருக்கிறது. 24 சுற்று மரையில் 10° என்பது 0.03 மில்லிமீட்டர். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை. அப்போதும் கோடு 10°-க்கு மேல் நகர்ந்தால் கேஸ்கெட் இன்னும் அடங்கவில்லை, மூன்றாவது முறையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் முன்னே போய்க்கொண்டிருந்தால் அது கேஸ்கெட் அல்ல. அந்தத் துளையின் மரை வந்துகொண்டிருக்கிறது. ஹெட்டை இறக்கி இன்சர்ட் போடும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஹெட் இறங்கும் ஒவ்வொரு முறையும் ராக்கர் இடைவெளி குறையும். அதனால் மறு இறுக்கத்தின் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வால்வுகளை மறுபடி 0.012 அங்குலத்துக்கு, அதாவது 0.30 மில்லிமீட்டருக்குச் சரிசெய்த பிறகே ராக்கர் மூடியைப் போட வேண்டும்.